எல்சி வீட்டு ஏசியும் ரூத்தின் அழுகண்ணியும்

“உங்க ஏசி ஒண்ணுக்குப் போறதுக்கு என் கருவாடுதான் கெடைச்சுதா?”

“ஏசி ஒண்ணுக்கெல்லாம் போவாது, தாயம்மா. அது தண்ணி. சுத்தமான தண்ணி!”

“சுத்தமான தண்ணின்னா நீயே புட்ச்சி குடிக்கறது! இன்னாத்துக்கு என் நெத்திலி தலையில ஊத்திகினு கீற?”

“எங்க ஜன்னலுக்கு நேரா யாரு உன்னைக் கருவாடு காயவைக்கச் சொன்னா?”

“அய்ய! நான் இருவது வருசமா இங்கதான் காயவைக்கிறேன். உன் ஏசி வந்து இருவது நாளுகூட ஆவல!”

கீழ் வீட்டு வாசலிலிருந்து தாயம்மாவின் குரல் மேலே போனது. இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து எல்சியின் குரல் கீழே வந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்ட இடம் முதல் மாடி ஜன்னல். அங்கேதான் ரூத் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

ராயபுரத்தில் அந்தச் சந்துக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் ஆட்டோக்காரரிடம் “கருவாட்டுச் சந்து” என்றால்தான் வண்டி நகரும். அந்தச் சந்தில் சண்டை என்றால் எல்லா வீட்டிலும் டிவி சத்தம் தானாகக் குறைந்துவிடும். எதிர்வீட்டில் ஒருவர் துவைத்துக் காய்ந்த சட்டையையே மூன்றாம் முறையாக உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்சி எதற்காக ஏசி வாங்கினாள் என்பதில் இரண்டு கருத்து உண்டு. வெயில் தாங்கவில்லை என்று எல்சி சொன்னாள். மகள் சாண்ட்ராவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வியர்க்கக் கூடாது என்றுதான் வாங்கினாள் என்று தெரு சொன்னது. தெரு சொன்னதைத் தெரு நம்பியது.

ரூத்துக்கு இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. அவள் கவலை அவளுக்கு. அது ஒரு சிறிய பொட்டலத்துக்குள் இருந்தது.

*

பொட்டலத்தைக் கொடுத்தது ஃபிர்தௌஸ் மிஸ். ஆறாம் வகுப்பு முடிந்து லீவு விடும் நாளில் அறிவியல் மிஸ் ஒரு கேள்வி கேட்டார்.

“பூச்சியைப் பிடிச்சுச் சாப்பிடற செடியை யாராவது விதையிலிருந்து வளர்க்கறீங்களா?”

வகுப்பு முழுவதும் கை தூக்கியது.

“முளைக்க மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் வெறும் மண்ணைப் பார்த்துட்டு உட்காரணும்.”

எல்லாக் கைகளும் இறங்கின. ரூத்தின் கை மட்டும் மேலேயே இருந்தது. அவளுக்கு மிஸ் சொன்ன முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்திருந்தது.

“டிரோசீரான்னு புத்தகத்துல போட்டிருக்கும். தமிழ்ல அழுகண்ணி. இலை முழுக்கக் கண்ணீர்த் துளி மாதிரி பசை நிக்கும். பூச்சி வந்து உட்கார்ந்தா முடிஞ்சுது கதை. என் தம்பி வளர்த்த செடியோட விதை இது. செடி காய்ஞ்சு போச்சு. விதை இவ்வளவுதான் இருக்கு, பார்த்துக்கோ” என்றார் மிஸ்.

ரூத் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். மிளகைப் பொடித்து, அந்தப் பொடியை மறுபடியும் பொடித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது விதை. மூச்சு விட்டால் பறந்துவிடும். அவள் மூச்சு விடவில்லை.

கூடவே மிஸ் கையால் எழுதிய ஒரு சீட்டு.

‘விதையை மண்ணால் மூடாதே, வெளிச்சம் வேண்டும். உரம் போடாதே. இந்தச் செடி சத்தைப் பூச்சியிடமிருந்துதான் எடுக்கும். மழைத் தண்ணீர் மட்டும் ஊற்று. உப்பு இருக்கிற தண்ணீர் பட்டால் செத்துவிடும்.’

ரூத்தின் அப்பா சைமன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “ஈ துன்ற செடியா? நம்ம சந்துல கீற ஈக்கு அது அஜீரணத்துலயே போயிடும்!”

ஏப்ரலில் ஒரே ஒரு மழை பெய்தது. சந்தே பஜ்ஜி போட ஓடியபோது ரூத் மொட்டை மாடிக்கு ஓடினாள். இரண்டு பாட்டில் மழையைப் பிடித்தாள். ஐஸ்கிரீம் டப்பாவில் கழுவிய தென்னை நார்த்தூளும் மணலும் கலந்து நிரப்பினாள். விதையில் பாதியை மட்டும் தூவினாள். மீதிப் பாதியை மடித்து பைபிளுக்குள் வைத்தாள். அது ரூத்தின் யோசனைதான். நல்ல யோசனை என்று பிறகு தெரிந்தது.

பதினெட்டாம் நாள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஊசி முனை அளவு. ரூத் போட்ட கூச்சலில் தாயம்மா துடைப்பத்தோடு மேலே ஓடி வந்தாள். பாம்பு என்று நினைத்துவிட்டாளாம்.

“இதுவா ஈ துன்னப் போவுது?” டப்பாவை உற்றுப் பார்த்தாள். “சரி சரி, பெர்சா வளரட்டும். நம்ம கருவாட்டாண்ட வச்சிக்கலாம்.”

அப்புறம்தான் வினை வந்தது. எண்ணூரில் ஒரு சொந்தக்காரப் பையனுக்கு முதல் நற்கருணை விழா. ரூத் வீட்டார் இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. டப்பாவையும் மழை பாட்டிலையும் தாயம்மாவிடம் கொடுத்து, “மண்ணு காஞ்சா மட்டும் இதுலேர்ந்து கொஞ்சம் ஊத்துங்க, அத்தை” என்று சொல்லிவிட்டுப் போனாள் ரூத்.

தாயம்மா நல்லவள். அதுதான் பிரச்சினை.

அந்தச் சந்தில் மீன் கழுவிய தண்ணீரை யாரும் சாக்கடையில் கொட்ட மாட்டார்கள். அது செடிக்கு. தாயம்மா வாசல் ரோஜா ஒவ்வொன்றும் கைப்பிடி அகலத்துக்குப் பூக்கும். முருங்கை மாடி வரைக்கும் வந்து ரூத்தை எட்டிப் பார்க்கும். எல்லாம் மீன் தண்ணீர் செய்த வேலை. பக்கத்து வீட்டுக் குழந்தை இளைத்திருந்தால் ஒரு வாய் ஊட்டாமல் இருக்க முடியாதவள், இளைத்த செடிக்கு வெறும் தண்ணீர் கொடுப்பாளா? வஞ்சிரம் கழுவிய தண்ணீராகப் பார்த்து ஊற்றினாள். பாட்டிலில் இருந்த மழைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நாளைக்கும் ஆகட்டும் என்று அதிலும் மீன் தண்ணீரையே நிரப்பி வைத்தாள்.

ரூத் வந்து பார்த்தபோது டப்பாவில் செதில் மின்னியது. பச்சைப் புள்ளிகள் இருந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை. வாசனையைச் சொல்ல வேண்டாம்.

“நல்லா கீதா, கண்ணு? ரெண்டு வேளையும் வுட்டேன்” என்று தாயம்மா முகம் மலரக் கேட்டாள்.

ரூத் டப்பாவைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“வெயிலு ஜாஸ்தி அத்தை. காஞ்சு போச்சு.”

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள்.

இப்போது பாதி விதை இருக்கிறது. மழைத் தண்ணீர் இல்லை. மே மாதம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அந்தச் சந்து போர்வெல் தண்ணீரில் சோறு வடித்தால் உப்பு தனியாகப் போட வேண்டாம். லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டிலும் எவ்வளவு உப்பு இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? இந்தப் பாதியும் போய்விட்டால் அவ்வளவுதான். பள்ளி திறந்ததும் மிஸ்ஸிடம் காலி டப்பாவைத்தான் நீட்ட வேண்டும்.

*

சண்டை மறுநாளும் தொடர்ந்தது. ஆனால் தாயம்மா இப்போது வாயோடு நிற்கவில்லை. சாட்சியோடு வந்தாள்.

சாட்சி ஒரு எவர்சில்வர் தட்டு. புளி போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கி, கருவாட்டுக்கு நடுவே வைத்தாள். சொட், சொட், சொட். ஏசித் தண்ணீர் தட்டில் விழுந்தது.

“எல்சிம்மா! எறங்கி வா! உன் கண்ணால பாரு!”

எல்சி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். உள்ளே போனாள். ஏசி நின்றது.

அவசரமே படவில்லை எல்சி. குழம்பைத் தாளித்தாள். தலையை வாரினாள். புடவைக்கு ஊசி குத்தினாள். அரைமணி நேரம் கழித்து, போகிற வழியில் ரூத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

“நடு வீட்டுக்காரி நீ. ரெண்டு பக்கமும் பொதுவா சொல்லு. வா.”

மே மாத வெயில் தட்டில் ஒரு சொட்டு விட்டு வைக்கவில்லை. எல்சி தட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“எங்கம்மா தண்ணி?”

“காஞ்சு பூட்ச்சி! நீ மினுக்கிகினு வர்றதுக்குள்ள காயாம இன்னா பண்ணும்?”

“காய்ஞ்சா கறை இருக்கணும் இல்ல? வெள்ளை வெள்ளையா வட்டம் இருக்கணும் இல்ல? நம்ம சந்துல எந்தத் தட்டு சுத்தமா காய்ஞ்சிருக்கு? இதுல ஒரு புள்ளிகூட இல்லியே! தண்ணியே விழல. பொய் சொல்ற நீ.”

தாயம்மா தானே குனிந்து தட்டில் கறையைத் தேடினாள்.

“ரூத், நீ சொல்லும்மா. கறை இருக்குதா?”

ரூத் தட்டை வாங்கினாள். அவளுடைய முகமே திரும்பி அவளைப் பார்த்தது. ஒரு புள்ளி இல்லை. ஆனால் தண்ணீர் விழுந்ததை அவள் ஜன்னலிலிருந்து கண்ணால் பார்த்திருந்தாளே! நூறு சொட்டாவது விழுந்திருக்கும். நூறு சொட்டு விழுந்து காய்ந்தும் உப்புக் கறை இல்லை என்றால்...

ரூத்தின் கண்கள் பெரிதாயின.

“ஆன்ட்டி! உப்பே இல்ல!”

“எதுல உப்பு இல்ல? குழம்புலயா?” எல்சி பதறினாள். குழம்பு அவள் நினைவிலேயே இருந்தது.

ரூத் பதில் சொல்ல அங்கே இல்லை. தட்டோடு படியேறி ஓடிக்கொண்டிருந்தாள்.

*

“ஆன்ட்டி, ஒரு அஞ்சு நிமிஷம் ஏசி போடுங்க! ப்ளீஸ்!” என்று மேலே கெஞ்சினாள். கீழே வந்து தாயம்மாவிடம் ஒரு கரண்டி மீன் தண்ணீர் கேட்டாள். இரண்டு பேரும் சண்டையை மறந்து அவள் பின்னாலேயே மொட்டை மாடிக்கு ஏறினார்கள். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் இரண்டு பேருக்குமே சாப்பாடு இறங்காது.

மாடியில் ரூத் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அதன் முதுகில் ஐந்து சொட்டுகள் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கரியால் ஓர் எண்.

ஒன்று, போர் தண்ணீர். இரண்டு, லாரித் தண்ணீர். மூன்று, கேன் தண்ணீர். நான்கு, மீன் தண்ணீர். ஐந்து, ஏசித் தண்ணீர்.

“இன்னாடி இது, ரங்கோலியா?” என்றாள் தாயம்மா.

“இருங்க அத்தை. காயட்டும்.”

நான்காம் சொட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதை விரட்டிவிட்டு மூன்று தலைகளும் தட்டின் மேல் குனிந்தன.

போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு வைத்ததுபோல் தடித்த வெள்ளை வட்டம். லாரித் தண்ணீரில் மெல்லிய வட்டம். கேன் தண்ணீரில் அதைவிட மெல்லியது. ஆனால் இருந்தது. மீன் தண்ணீர் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாம் எண்ணுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. சொட்டு வைத்தோமா என்றே சந்தேகம் வந்தது.

“பாத்தீங்களா!” ரூத் குதித்தாள். மாடி அதிர்ந்தது. “காத்துல இருக்கிற ஈரம்தான் ஏசியில தண்ணியா வருது. மழை மாதிரியே! ஆன்ட்டி, உங்க வீட்டு ஜன்னல்ல தெனம் மழை பெய்யுது! செடிக்கு உப்பில்லாத தண்ணி! மீதி விதையைத் தூவிடலாம்!”

எல்சிக்குப் பெருமையில் கழுத்து ஓர் அங்குலம் நீண்டது. “நான்தான் சொன்னேனே, சுத்தமான தண்ணின்னு.”

“அப்போ தண்ணி வுழுந்துச்சின்னு ஒத்துக்கிறியா?” தாயம்மா பிடித்துக்கொண்டாள்.

எல்சியின் கழுத்து பழைய அளவுக்கு வந்தது.

தாயம்மா மறுபடி தட்டைப் பார்த்தாள். நான்காம் சொட்டிலேயே அவள் பார்வை நின்றது. குரல் இறங்கியது.

“ரூத்து. உப்பு தண்ணி பட்டா உன் செடி செத்துடுமா?”

“ம்ம்.”

“அப்போ அந்த மொத டப்பா... வெயிலு இல்ல. நான்தான்.”

ரூத் குனிந்து கரியைப் பொறுக்குவதுபோல் நேரம் எடுத்துக்கொண்டாள். “வெயிலும்தான் அத்தை. கொஞ்சம்.”

தாயம்மா முந்தானையால் அந்தத் தட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

அப்போது கீழே யாரோ வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“அய்யோ!” எல்சி தலையில் கை வைத்தாள். “ஏசிக்காரப் பையன்! நான்தான் வரச் சொன்னேன். குழாயைத் திருப்பி, பின்பக்கச் சாக்கடையில விடச் சொல்லி.”

“சாக்கடையிலயா?”

ரூத் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

*

ஏசிக்காரப் பையனின் பெயர் பிராங்கிளின். மாதவரத்திலிருந்து வருகிறவன். தோளில் பை, கையில் வளையமாகச் சுருட்டிய குழாய். அவன் எல்சி வீட்டுக்குள் கால் வைக்கவும் ரூத் மூச்சு வாங்கிக்கொண்டு குறுக்கே நிற்கவும் சரியாக இருந்தது.

“அண்ணா, சாக்கடை வேணாம்! எங்க ஜன்னல்ல விடுங்க!”

பிராங்கிளின் இதுவரை எத்தனையோ வீட்டில் வேலை செய்திருக்கிறான். ஏசித் தண்ணீரை எங்கள் வீட்டில் விடு என்று கேட்டவர்கள் யாரும் இல்லை.

“பாப்பா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரும். நல்லா யோசிச்சியா?”

“வாளி வைப்பேன். ஜன்னல் கம்பி வழியா குழாய உள்ள விடுங்க.”

“வாளி ரொம்பிட்சின்னா?” பின்னால் வந்த தாயம்மா கேட்டாள். “மறுபடி என் தலையில தானே?”

“ரொம்பினா எங்க வீடுதான் நனையும், அத்தை. உங்க கருவாடு நனையாது.”

“ரூத்!” என்று முதல் மாடியிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. அவரும் அதுவரை டிவியைக் குறைத்து வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாயம்மா யோசித்தாள். எல்சியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “புள்ள கேக்குது. எனக்கொண்ணும் இல்ல.”

எல்சியும் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். “எனக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா செடி முளைச்சா மொதல்ல எங்கிட்டதான் காட்டணும். தண்ணி என்னுது.”

“தட்டு என்னுது! தட்டு இல்லாங்காட்டி உன் தண்ணி யோக்கியதை யாருக்குத் தெரியும்?”

“ரெண்டு பேருக்கும் ஒண்ணா காட்டறேன்” என்றாள் ரூத், அவசர அவசரமாக.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து சாண்ட்ரா எட்டிப் பார்த்தாள். பிராங்கிளின் குழாயை மாட்ட ஆரம்பித்தான். ஏசிக்குள் இருந்த தூசியைக் கழுவிக் கொடுத்தான். “செடிக்குப் போற தண்ணி, அழுக்கு இருக்கக் கூடாதுல்ல?” என்றான். ரூத்திடம்தான் சொன்னான். ஆனால் பார்வை சாண்ட்ரா பக்கம் போனதாக எதிர்வீட்டில் சட்டை உதறியவர் பிற்பாடு சத்தியம் செய்தார்.

அன்று மாலை ரூத் பைபிளைத் திறந்தாள். புது டப்பா, புது மண், ததும்ப நிறைந்த வாளி. பொட்டலத்தைப் பிரித்து, காகிதத்தை மடித்து, விரலால் மெல்லத் தட்டினாள். மின்விசிறியை அம்மா நிறுத்திவிட்டார். யாரும் தும்மக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். போட்டுவிட்டு அவரே தும்மப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

*

அடுத்த மூன்று வாரமும் வெறும் மண்ணுக்கு இவ்வளவு விருந்தாளிகள் வந்தது அந்தச் சந்திலேயே முதல் தடவை. எல்சி காலையில் வருவாள். தாயம்மா மீன் விற்றுவிட்டு வருவாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள்.

“கைய நானே கட்டிகினேன். அத்து மேல எனக்கே நம்பிக்கை இல்ல” என்பாள்.

வாளியில் மிஞ்சிய தண்ணீருக்கு வேறு வழக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றினால் கறை படியவில்லை என்று எல்சி கேட்டாள். அந்தத் தண்ணீரில் முகம் கழுவினால் பளபளப்பாகிறது என்று தாயம்மா கேட்டாள். தண்ணீர் விழுகிறது என்று சண்டை போட்டவர்கள், இப்போது எனக்கு ஒரு சொம்பு குறைந்துவிட்டது என்று சண்டை போட்டார்கள். ரூத் திங்கள் புதன் வெள்ளி, செவ்வாய் வியாழன் சனி என்று அட்டையில் எழுதி மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வீடு துடைக்க.

பத்தொன்பதாம் நாள் ரூத் கீழேயும் கத்தினாள், மேலேயும் கத்தினாள். “வந்துடுச்சு! வந்துடுச்சு!” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசற்படியில் முட்டிக்கொண்டார்கள். இருபத்து மூன்று பச்சைப் புள்ளிகள்.

பள்ளி திறந்த அன்று ஃபிர்தௌஸ் மிஸ் டப்பாவைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். “ஏசித் தண்ணியா? தட்டுல சொட்டு வெச்சுப் பார்த்தியா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ரூத்தையே பலகைக்கு அனுப்பி, ஐந்து சொட்டுகளையும் வரைந்து பாடம் நடத்தச் சொன்னார். தாயம்மாவின் பெயரைச் சொல்லாமலேயே ரூத் நடத்தி முடித்தாள். நான்காம் சொட்டு வந்தபோது வகுப்பு மூக்கைப் பொத்திக்கொண்டது.

ஜூலையில் செடிகள் சட்டைப் பித்தான் அளவுக்கு வந்தன. சிவப்பு இலை. ஒவ்வொரு இலையிலும் மயிர் மயிராக நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு பசைத் துளி. காலை வெயிலில் மூக்குத்திக் கல் மாதிரி மின்னியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த கையோடு எல்லோரும் கூடினார்கள். பெரிதாக்கிக் காட்ட சாண்ட்ரா செல்போனைப் பிடித்தாள். ஏசியில் கேஸ் குறைந்ததா பார்க்க வந்த பிராங்கிளின் டார்ச் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை யார் கேஸ் பார்ப்பார்கள் என்று எல்சி கேட்கவில்லை. தெரு கேட்டது.

தாயம்மா கருவாட்டிலிருந்து ஒரு கொழுத்த ஈயைச் சொம்பில் மூடிக் கொண்டுவந்திருந்தாள்.

“துன்னு பாக்கலாம்!”

ஈ செடியின் மேல் இறங்கியது. செடியைவிட ஈ பெரிதாக இருந்தது. அது ஒரு காலைத் தூக்கி உதறியது. சுற்றிலும் பார்த்தது. பிடிக்காத விருந்து வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி எழுந்து போய்விட்டது.

“இம்மாந்தூண்டு வச்சிகினு என் கருவாட்டு ஈ அம்புட்டையும் எப்போ துன்னு முடிக்கும்?” தாயம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

“உஷ்!” என்றாள் ரூத்.

எங்கிருந்தோ கடுகில் பாதி அளவு ஒரு பூச்சி மிதந்து வந்தது. ஓர் இலையில் உட்கார்ந்தது. எழப் பார்த்தது. கால் வரவில்லை. மறுபடி இழுத்தது. பசை நூலாக நீண்டது. அப்போது இலையின் ஓரத்திலிருந்த நீண்ட மயிர்கள் அசைந்தன. எல்லோர் கண்ணுக்கும் தெரிய, ஒவ்வொன்றாக உள்பக்கம் வளைந்து, விரல்களை மூடுவதுபோல் பூச்சியின் மேல் மூடிக்கொண்டன.

எல்லோர் தலையும் டப்பாவின் மேல் இன்னும் கிட்டே குனிந்தன.

“யம்மாடி!” என்றாள் தாயம்மா, மூச்சுக் காற்றில். அவள் கை எல்சியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. எல்சியும் பிடித்திருந்தாள். இரண்டு பேருக்கும் அது தெரியாது. ரூத்துக்கு மட்டும் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவார்களே.

*

அதற்குப் பிறகு நடந்ததைக் கருவாட்டுச் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரே ஒரு குழாயைச் சரிபார்க்க பிராங்கிளின் ஒன்பது தடவை வந்தான். பத்தாம் தடவை அப்பா அம்மாவோடு வந்தான். ஏசி வாங்கினால் மாப்பிள்ளை வருவான் என்று எல்சி போட்ட கணக்கு சரிதான். என்ன, மாப்பிள்ளை கையில் ஸ்பானர் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஜனவரியில் மாதா கோயிலில் கல்யாணம். விருந்தில் மீன் பொறுப்பு முழுவதும் தாயம்மாவுடையது. அந்த மீன் கழுவிய தண்ணீர் ரோஜாவுக்குப் போனது. ரோஜாவுக்கு மட்டும்.

கல்யாணச் சீராக ஏசி மாதவரத்துக்குப் போய்விட்டது. ரூத் கவலைப்படவில்லை. ஐப்பசி மழையிலேயே பிடித்து வீட்டிலுள்ள பாட்டிலையெல்லாம் நிரப்பி வைத்திருந்தாள். அழுகண்ணிகள் வெள்ளைப் பூ பூத்து, காய்த்து, மிளகுப் பொடியின் பொடிபோல் விதை கொட்டின. இந்தத் தடவை ஒரு சிட்டிகை இல்லை, ஒரு தீப்பெட்டி நிறைய. ஃபிர்தௌஸ் மிஸ்ஸுக்கு ஒரு பொட்டலம், சாண்ட்ரா அக்காவுக்கு ஒரு பொட்டலம் என்று மடித்துக் கொடுத்தாள். சீட்டும் எழுதினாள். மிஸ் எழுதிய நான்கோடு ஐந்தாவதாக ஒன்று சேர்த்தாள்: ‘ஊருக்குப் போனால் கூடவே எடுத்துக்கொண்டு போ.’

ஏசி இல்லாத எல்சி இப்போது மாலையில் கீழே வந்து தாயம்மா வாசலில் காற்று வாங்குகிறாள். கருவாட்டு நாற்றம் என்று மூக்கைப் பொத்துவதை மட்டும் விடவில்லை.

மே மாதம் சாண்ட்ரா போன் செய்தாள். மாதவரத்தில் அவர்கள் ஏசித் தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் அப்பளத்தின் மேல் சொட்டியதாம். அந்த அம்மாள் கரண்டியோடு வாசலுக்கு வந்து கத்தினாளாம். சாண்ட்ரா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லையாம்.

ஒரு வாளியையும் ஒரு சிட்டிகை விதையையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாளாம்.